இசபெல்லா பீட்டன்: பெயரும் பெண்ணும்



இன்று நான் பேசப்போகும் பெண்மணியை ஆங்கிலேயர்கள் ‘மிசஸ் பீட்டன்’ என்றுதான் சொல்வார்கள். இங்கிலாந்தில் புதுக்குடித்தனம் வைக்கும் பெண்ணுக்குக் கல்யாணப் பரிசாக அவருடைய புத்தகத்தைக் கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. வீட்டு நிர்வாகம் பற்றிய தடித்த புத்தகம் அது. விருந்துக்கு என்ன சமைப்பது, வேலைக்காரர்களுக்கு என்ன சம்பளம் கொடுப்பது, குழந்தைக்குக் கக்குவான் வந்தால் என்ன செய்வது என்று எதைத் தேடினாலும் அதில் பதில் உண்டு. படித்தவர்கள் மனத்தில் ஒரு மூதாட்டியின் உருவம் பதிந்துபோனது. இடுப்பில் சாவிக்கொத்து, நரைத்த தலை, பேரன் பேத்தி எடுத்த அனுபவம்.

1861-இல் புத்தகம் வெளிவந்தபோது இசபெல்லாவுக்கு வயது 25. நான்காவது பிள்ளையைப் பெற்று எட்டு நாள் கழித்து, 1865 பிப்ரவரி 6-ஆம் தேதி அவர் இறந்தார். அப்போது வயது 28. நரை காணவே இல்லை. அவர் இறந்தது வெளியே பரவாமல் பார்த்துக்கொண்டார்கள். பெயர் விற்றுக்கொண்டிருந்தது, விற்கும் பெயருக்குச் சாவு ஆகாது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிக்கப்பட்ட மனுஷியைப் பற்றியும் அவருடைய சாவைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன். சாவை விட்டுவிட்டு இந்தப் பெண்ணின் வாழ்க்கையைச் சொன்னால் அது பாதிப் பொய் என்பது என் உறுதியான எண்ணம்.

இசபெல்லா மேசன் 1836 மார்ச் 14-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் துணி வியாபாரி. இசபெல்லாவுக்கு நான்கு வயதாகும்போது அவர் இறந்துவிட்டார். தாயார் எலிசபெத்துக்கு இன்னும் சின்னச் சின்னக் குழந்தைகள் இருந்தன. மூத்தவளைக் கொஞ்ச நாள் வடக்கே கம்பர்லாந்தில் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். 1843-இல் எலிசபெத் மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை ஹென்றி டார்லிங், மனைவியை இழந்தவர், அவருக்கும் நான்கு குழந்தைகள். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. பிறகு இருவருக்கும் சேர்ந்து பதின்மூன்று. மொத்தம் 21 பிள்ளைகள்!

டார்லிங் எப்சம் நகரில் குதிரைப் பந்தயத் திடலின் அதிகாரி. டெர்பி பந்தயம் நடக்கும் அதே எப்சம். பிள்ளைகள் பெருகப் பெருக வீடு போதவில்லை. பந்தயம் இல்லாத நாட்களில் பார்வையாளர் மாளிகை பூட்டித்தானே கிடக்கிறது என்று குழந்தைகளை அங்கே குடிவைத்தார்கள், பாட்டியின் பொறுப்பில். பல ஆயிரம் பேர் நின்று பந்தயம் பார்க்கக் கட்டிய கட்டடம். அதன் பெரிய கூடங்களில் குழந்தைகள் ஓடி விளையாடின. தம்பி தங்கைகளை வளர்த்ததில் மூத்தவளுக்குப் பெரும்பங்கு உண்டு. பிற்காலத்தில் அவர் புத்தகத்தில் காணும் ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கேள்வியே எழுந்ததில்லை. இருபது பேருக்கு அக்காவாக இருந்தவளுக்குப் பட்டியல் போடாமல் பொழுது போகாது.

பிறகு ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரப் பள்ளியில் படிப்பு. பியானோ, மொழிகள், கூடவே மாவுப் பண்டங்கள் செய்யும் கலை. ஊர் திரும்பியதும் எப்சம் பேக்கரிக்காரர் ஒருவரிடம் போய் மேலும் கற்றுக்கொண்டார். அந்தக் குடும்பத்தின் அந்தஸ்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாத காரியம்.

1856 ஜூலை 10-ஆம் தேதி எப்சம் புனித மார்ட்டின் தேவாலயத்தில் சாமுவேல் பீட்டனுடன் கல்யாணம். சாமுவேல் துடிப்பான பதிப்பாளர். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலை 1852-இலேயே இங்கிலாந்தில் பதிப்பித்துப் பணம் பார்த்தவர். அதே ஆண்டில் நடுத்தர வீட்டுப் பெண்களுக்காக இரண்டு பென்ஸ் விலையில் ஒரு மாதப் பத்திரிகையும் தொடங்கியிருந்தார். புதுமணத் தம்பதி லண்டனுக்கு வெளியே பின்னர் என்னும் ஊரில் குடியேறினார்கள். மறுவருஷம் மே மாதம் முதல் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் இசபெல்லாவின் சமையல் பகுதி பத்திரிகையில் முதன்முதலாக வந்திருந்தது. நிறைமாதத்தில் அச்சுப்படி திருத்தியிருக்கிறார். தன் வாழ்நாளின் கடைசி வாரத்திலும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்தக் குழந்தை மூன்று மாதம்தான் இருந்தது. ஆகஸ்ட் இறுதியில் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. இறப்புச் சான்றிதழில் காலரா என்றும் எழுதினார்கள். 1859-இல் பிறந்த இரண்டாவது மகனுக்கும் மூத்தவன் பெயரையே வைத்தார்கள்: சாமுவேல் ஆர்ச்சர்ட். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். இந்த இரண்டாவது சாமுவேல் 1862 இறுதியில், மூன்று வயதில், ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இசபெல்லாவின் புத்தகத்தில் குழந்தை வளர்ப்புக்கும் குழந்தை நோய்களுக்கும் தனி அத்தியாயம் உண்டு. வயிற்றுப்போக்குக்கு என்ன செய்வது, ஸ்கார்லெட் காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று தாய்மார்களுக்கு அதில் சொல்லியிருக்கிறது. முதல் பிள்ளையை வயிற்றுப்போக்கில் பறிகொடுத்தவர் அந்த அத்தியாயத்தை அச்சுக்குத் தயார்செய்தார். அது அச்சாகி ஒரு வருஷத்துக்குச் சற்றுப் பிறகு இரண்டாவது பிள்ளையை ஸ்கார்லெட் காய்ச்சல் கொண்டுபோனது. புத்தகத்தில் இருந்த வைத்தியம் அந்தக் காலத்து டாக்டர்களுக்குத் தெரிந்த வைத்தியம். அதற்கு மேல் யாரிடமும் எதுவும் இல்லை.

புத்தகத்துக்கு வருவோம். 1859 முதல் மாதப் பகுதிகளாக, 24 பகுதிகள் வந்தன. 1861 அக்டோபரில் ஒரே நூலாக, 1,100 பக்கங்களுக்கு மேல், ஏழரை ஷில்லிங் விலையில் வந்தது. முதல் ஆண்டிலேயே 60,000 பிரதிகள் விற்றன. நாலு வருஷ உழைப்பு. இவ்வளவு பாடு என்று முன்பே தெரிந்திருந்தால் தொடங்கும் துணிச்சலே வந்திருக்காது என்ற பொருளில் முன்னுரையில் அவரே எழுதுகிறார்.

அதில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் அவருடைய கை தெரியும். எடுத்த எடுப்பில் தேவையான பொருட்கள், அளவோடு. பிறகு செய்முறை. அதற்குக் கீழே எவ்வளவு நேரம் ஆகும், சராசரியாக என்ன செலவாகும், எத்தனை பேருக்குக் காணும், எந்த மாதத்தில் செய்யலாம். இன்று எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் ஏறக்குறைய இந்த வரிசைதான். பொருட்களையும் அளவுகளையும் தனியாகப் பிரித்துக் காட்டும் முறையை அவருக்கு முன்பே எலைசா ஆக்டன் தம்முடைய 1845-ஆம் ஆண்டுச் சமையல் நூலில் கொண்டுவந்துவிட்டார், செய்முறைக்குப் பின்னால் வைத்து. இசபெல்லா அதைத் தலைக்குக் கொண்டுவந்தார்.

ஆக்டன் பெயரைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இசபெல்லாவின் 900-க்கும் மேற்பட்ட குறிப்புகளில் பெரும்பாலானவை பிறர் நூல்களிலிருந்து எடுத்தவை, வாசகர்கள் எழுதி அனுப்பியவை. ஆக்டனிடமிருந்து நிறையவே எடுத்தார், பெயர் சொல்லாமல் எடுத்தார். ஆக்டன் பல ஆண்டுகள் அடுப்படியில் நின்று சோதித்து எழுதியவர். அவருக்கு இழைத்தது அநியாயம்தான், இசபெல்லாவின் இளமையோ சாவோ அதை மாற்றாது. தலைப்புப் பக்கத்தில் இசபெல்லா தம்மை ஆசிரியர் என்று போட்டுக்கொள்ளவில்லை, தொகுத்தவர் என்றே போட்டுக்கொண்டார். அந்தத் தொகுப்புதான் அவருடைய சாதனை என்று நான் நினைக்கிறேன். தாயாரிடமிருந்து தூரமாக, ரயில் பாதையோரப் புறநகரில், ஒரே ஒரு வேலைக்காரியை வைத்துக்கொண்டு திகைத்து நின்ற இளம் மனைவிக்கு என்ன தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் அப்படி நின்றவர்தானே.

நம் ஊர் மிளகுத் தண்ணீரும் ‘மல்லிகட்டானி’ என்ற பெயரில் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. கோழியோ முயலோ, பன்றி இறைச்சித் துண்டுகள், கறிப்பொடி, ஆறு வெங்காயம், அரைத்த பாதாம் எல்லாம் போட்ட சூப்பு. கப்பலேறிப் போன நம் ரசத்துக்கு அங்கே அந்தக் கோலம்.

முழுக்க அவருடையது என்று ஆய்வாளர்கள் சொல்லும் குறிப்பு ஒன்று உண்டு. ஏழைகளுக்கான சூப்பு. 1858 குளிர்காலத்தில் வாரந்தோறும் தன் வீட்டுத் தாமிர அண்டாவில் எட்டு ஒன்பது காலன் காய்ச்சி, பக்கத்துக் கிராமத்தில் ஒரு டஜன் குடும்பங்களுக்குக் கொடுத்தார். மாட்டுத் தாடை இறைச்சி, மலிவாகக் கிடைக்கும் கழிவுத் துண்டுகள், எலும்பு, வெங்காயம், காரட், டர்னிப், நாலு பவுண்டு அரிசி அல்லது பார்லி, அரை பைண்ட் பீர், கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை. செலவுக் கணக்கும் போட்டிருக்கிறார், ஒரு குவார்ட்டுக்கு ஒன்றரை பென்ஸ். முதல் குழந்தை போய் ஒரு வருஷம் கழிந்த குளிர்காலம் அது. அவருடைய துக்கத்தைப் பற்றி நான் கற்பனையாக எதுவும் சொல்ல மாட்டேன். அந்தக் குளிரில் வாரா வாரம் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குச் சூப்பு காய்ச்சினார் என்று மட்டும் சொல்கிறேன்.

1860-இல் கணவனும் மனைவியும் பாரிஸ் போய் உடைப் படங்களுக்கு ஏற்பாடு செய்துவந்தார்கள். பத்திரிகை புதுப்பொலிவோடு ஆறு பென்ஸ் விலைக்கு மாறியது. தைத்துக்கொள்ளக் காகித மாதிரிகளும் கொடுத்தார்கள். இசபெல்லா கணவரோடு காலை ரயிலேறி லண்டன் அலுவலகத்துக்குப் போகத் தொடங்கினார். பெட்டி நிறைய ஆண்கள். ஒரு குடும்பத்துப் பெண் வேலைக்குப் போகிறாள் என்றால் மற்றவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நம் பாட்டிமார் காலம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகைக்கு அவர் பாதி ஆசிரியர். ‘வீட்டை விட்டு நகராத இல்லத்தரசி’ என்ற பிம்பத்துக்கு அடையாளமாகிப்போன பெயருக்கு உரியவர், நிஜத்தில் வேலைக்குப் போன தாய். அந்தப் பிம்பத்தை நம்பி வாழ்ந்த பெண்களுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

மூன்றாவது மகன் ஆர்ச்சர்ட் 1863-ஆம் ஆண்டின் கடைசி நாளில் பிறந்தான். பிள்ளைகளின் இழப்புக்குக் கணவரிடமிருந்து தொற்றிய மேக நோய் காரணமாக இருந்திருக்கலாம் என்று 2005-இல் வாழ்க்கை வரலாறு எழுதிய கேத்ரின் ஹியூஸ் கருதுகிறார். அது ஊகம். ஊகமாகவே விட்டுவிட்டு மேலே போகிறேன்.

1865 ஜனவரி 29. கென்ட் மாகாணத்தில் தேம்ஸ் கரையோரக் கிரீன்ஹைத் கிராமத்து வீடு. பெரிய புத்தகத்திலிருந்து சமையல் பகுதியை மட்டும் பிரித்து அகராதிபோல ஒரு நூல் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் அச்சுப்படிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது இசபெல்லாவுக்கு வலி கண்டது. அன்றே ஆண் குழந்தை பிறந்தது. மேசன் மாஸ் என்று பெயர். நம் வீடுகளில் சொல்வதுபோல தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பெற்றெடுத்தார். மறுநாள் காய்ச்சல் தொடங்கியது.

பிரசவக் காய்ச்சல். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செவிலியர் பயிற்சி மாணவிகள் இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பிரசவத்தின்போது கிருமி கருப்பைக்குள் புகுந்து இரத்தத்தில் கலக்கிறது. குளிர் நடுக்கம், கொதிக்கும் காய்ச்சல், தொட முடியாத வயிற்று வலி, பிதற்றல். பெரும்பாலும் பிரசவம் பார்ப்பவர்களின் கைகளும் கருவிகளும்தான் அதைச் சுமந்து வந்தன. இசபெல்லா ஒரு வாரம் போராடினார். பிப்ரவரி 11-ஆம் தேதி நார்வுட் கல்லறையில் அடக்கம்.

இதைக் கடவுள் சித்தம் என்று அன்று ஏற்றுக்கொண்டார்கள். என்னால் அப்படி ஏற்க முடியவில்லை. ஏனென்றால் காரணம் அதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது, ஒரு முறைக்கு மூன்று முறை. 1795-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர், இந்தக் காய்ச்சலை வீட்டுக்கு வீடு கொண்டுபோவது மருத்துவர்களும் மருத்துவச்சிகளும்தான், நானும் கொண்டுபோயிருக்கிறேன் என்று வெளிப்படையாக எழுதினார். அவர் மேல் ஊரே பாய்ந்தது. 1843-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதையே சான்றுகளோடு எழுதினார். டாக்டர்கள் கனவான்கள், கனவான்களின் கைகள் சுத்தமானவை என்று பிலடெல்பியாப் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ் பதிலடி கொடுத்தார்.

மூன்றாமவர் இக்னாஸ் செம்மல்வைஸ். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில் 1846-இல் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்கள் செத்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று கர்ப்பிணிகள் மன்றாடினார்கள். படிக்காத பெண்களுக்குத் தெரிந்திருந்தது, கவனியுங்கள். அந்தச் சமயத்தில் செம்மல்வைஸின் நண்பர் கொலெட்ச்கா, பிணப் பரிசோதனையில் கத்தி குத்தி இறந்தார். அவர் உடலில் கண்ட சீரழிவு, இறந்த தாய்மார்கள் உடலில் கண்டதேதான். பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் நேரே பிரசவ அறைக்குப் போகிறார்கள் என்பது செம்மல்வைஸுக்கு உறைத்தது. 1847 மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாக இறங்கியது. ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சுண்ணாம்பு. வேறு செலவே இல்லை.

பெரியவர்கள் ஏற்கவில்லை. கெட்ட காற்றால் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, உங்கள் கையால் வருகிறது என்று கேட்பது தாங்கவில்லை. செம்மல்வைஸ் வேலையை இழந்து ஊர் திரும்பினார். எல்லாவற்றையும் ஒரு பெரிய நூலாக எழுதினார். அந்த நூல் தாங்கி நிற்கும் ஆண்டு 1861. இசபெல்லாவின் புத்தகமும் அதே ஆண்டு. ஒரு புத்தகம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது, மற்றொன்றைப் படிக்க ஆளில்லை. இசபெல்லா தம் நூலில் நோயாளியின் அறையைச் சுத்தமாக வைப்பது பற்றி, காற்றோட்டம் பற்றி, பிரசவத் தாதியின் சுத்தம் பற்றியெல்லாம் அக்கறையோடு எழுதியிருக்கிறார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரும் அதில் வருகிறது. தொடும் கையில் சாவு இருக்கிறது என்ற அந்த ஒரு வரி அவருக்கு எட்டியிருந்தால் அதையும் வரிசையாகப் போட்டிருப்பார்: தேவையானவை, செய்முறை, செலவு. ஒவ்வொரு வீட்டிலும் தாதியின் கை கழுவப்பட்டிருக்கும்.

இசபெல்லா இறந்த அதே 1865-இல், ஆகஸ்ட் மாதம், செம்மல்வைஸ் மனநோய் விடுதி ஒன்றில் இறந்தார். அதே ஆகஸ்டில் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் முறிந்த ஒரு பையனின் காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் தடவிக் கட்டி, சீழ் பிடிக்காமல் ஆற்றினார்.

மனைவி போன பிறகு சாமுவேலுக்கு எதுவும் விளங்கவில்லை. அச்சுக்குக் காத்திருந்த அந்தச் சமையல் அகராதியின் முடிவில் மனைவிக்கு ஓர் அஞ்சலி எழுதிச் சேர்த்தார். அடுத்த ஆண்டு ஓவரெண்ட் கர்னி நிதி நிறுவனம் திவாலானதில் அவரும் மூழ்கினார். இசபெல்லாவின் புத்தகம் உட்படப் பதிப்புரிமைகளை வார்ட் லாக் நிறுவனத்துக்கு விற்று, அங்கேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1877-இல் காசநோயில் இறந்தபோது வயது 46. ‘பீட்டன்’ என்ற முத்திரை மட்டும் தொடர்ந்து பணம் ஈட்டியது. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதை 1887-இல் வெளியானதுகூட அந்தப் பெயர் தாங்கிய கிறிஸ்துமஸ் மலரில்தான்.

பதிப்பகம் இசபெல்லாவின் சாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. புதுப் புதுப் பதிப்புகள் வந்தன, அவர் எழுதாத பக்கங்கள் அவர் பெயரில் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தகம் 2,000 பக்கங்களைத் தாண்டியது. உயிரோடு ஒரு கிழவி எங்கோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பதாக மக்கள் நம்பினார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அது பொறுக்கவில்லை. பிரசவத்தில் செத்த தாய் என்று ஒவ்வொரு பதிப்பின் முதல் பக்கத்திலும் ஒரு வரி போட்டிருந்தால், இலட்சக்கணக்கான இளம் மனைவிகள் அதைப் படித்திருப்பார்கள். பிரசவ அறையில் இருந்த ஆபத்தைப் பற்றி வீட்டுக்குள் பேச்சாவது எழுந்திருக்கும். எல்லாம் அறிந்த மூதாட்டி என்ற படிமம் அந்தப் பேச்சை அடைத்துவிட்டது.

1930-களில்தான் அவருடைய புகைப்படம் லண்டன் தேசிய உருவப்பட அரங்குக்கு வந்தது. படத்தில் பட்டுடுப்பு அணிந்த இளம்பெண் ஒருத்தி. பார்த்தவர்கள் திகைத்தார்கள். படத்தைக் கொடுத்தவர் சர் மேசன் பீட்டன், 1865 ஜனவரியில் பிறந்த அதே பிள்ளை. தாயின் முகம் நினைவில் இருக்க வழியில்லாதவர், பத்திரிகையாளராகி, முதல் உலகப் போர்க் காலப் பணிக்காகச் சர் பட்டமும் பெற்றவர்.

1936-இல் லண்டன் குயின் சார்லட் மகப்பேறு மருத்துவமனையில் லியனார்ட் கோல்ப்ரூக், பிரசவக் காய்ச்சல் கண்ட தாய்மார்களுக்குப் புரொன்டோசில் என்ற சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். செத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், குழந்தையை வாங்கிப் பால் கொடுத்தார்கள். அந்த ஆண்டு மேசனுக்கு வயது 71.